எந்த ஊர்? – மண்ணின் உறவும் சமூக உருவாக்கமும்: மாவனல்லையை முன்வைத்து

இலங்கையில் இரண்டு முஸ்லிம்கள் முதன்முறையாகச் சந்தித்தால் ஸலாத்துக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். பெயர், தொழில், படிப்பு எல்லாம் அதற்குப் பிறகே. "மாவனல்லை" என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மாவனல்லையில எங்க? டவுனா, உயன்வத்தையா, கிரிங்கதெனியவா, ஹிங்குலவா?" அதற்கும் பதில் சொல்லிவிட்டால், ஐந்து நிமிடத்துக்குள் இருவருக்கும் தெரிந்த ஒரு சாச்சாவோ மச்சானோ பேச்சுக்குள் வந்துவிடுவார். அந்நியர் இருவர் அத்தோடு உறவுக்காரர் ஆகிவிடுவார்கள்.

இது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கமல்ல. இஸ்லாமிய அறிவு மரபே ஊர்ப்பெயரைத் தூக்கிச் சுமந்த மரபு. இமாம் புகாரி என்றால் புகாரா. இமாம் திர்மிதி என்றால் திர்மித். இமாம் குர்துபி என்றால் ஸ்பெயினின் குர்துபா. இயற்பெயர் மறந்துபோனாலும் ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. நம் நாட்டுத் தமிழிலக்கியத்திலும் திக்குவல்லை கமால், மருதூர்க்கனி என்று ஊரையே முன்னால் வைத்துத்தான் எழுத்தாளர்களை அறிகிறோம்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. "எங்கட ஊர்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதைக் குறிக்கிறார்? பெரும்பாலும் ஒரு பள்ளிவாசலின் கீழ் உள்ள ஜமாஅத்தைத்தான். "ஊர்க் கூட்டம்" என்றால் பள்ளிக் கூட்டம். "ஊராக்கள்" என்றால் நம் மஹல்லாக்காரர்கள். அடுத்த வளவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பண்டாவின் குடும்பமும், மேலே தோட்டத்து லயத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. அதேபோல் சிங்கள அயலவர் "அபே கம" (எங்கள் கிராமம்) என்று சொல்லும்போது நாம் அதற்குள் இருக்கிறோமா என்பதும் தெளிவில்லை. ஒரே ஆறு, ஒரே பாதை, ஒரே சந்தை. "ஊர்" மட்டும் இரண்டு, மூன்று.

ஒரே மண்ணோடு உள்ள உறவு, வெவ்வேறு மக்களை ஒரு சமூகமாக ஆக்குமா? ஆக்குமென்றால் எப்படி? இதை வெறும் நல்லெண்ணப் பேச்சாகப் பேசிவிட்டுப் போக மாவனல்லைக்கு வசதியில்லை. 2001இல் எரிந்ததும் இதே ஊர்தான். 2018, 2019இல் நாடே திரும்பிப் பார்த்ததும் இதே ஊர்தான்.

மதீனாவின் துஆ, மதீனாவின் ஏடு

ஊரைப் பற்றி இஸ்லாம் என்ன சொல்கிறது என்று கேட்டால் நம்மில் பலர், நபி (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரிந்தபோது அடைந்த வேதனையைச் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் நம் விஷயத்துக்கு அதைவிட நெருக்கமானது, அவர்கள் மதீனாவுக்கு வந்த பின் நடந்தது.

ஹிஜ்ரத் செய்து வந்தவர்களுக்குப் புது ஊரின் காற்றும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்கர் (ரழி), பிலால் (ரழி) போன்றோர் காய்ச்சலில் விழுந்தார்கள். பிலால் (ரழி) மக்காவின் புல்லையும் நீரையும் நினைத்து ஏங்கிக் கவிதை சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்ட நபியவர்கள் செய்த துஆவை ஆயிஷா (ரழி) அறிவிக்கிறார்கள். அதில் மூன்று வேண்டுதல்கள் முக்கியமானவை. ஒன்று, மக்காவைப் போல அல்லது அதைவிட மேலாக மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக்கு என்பது. இரண்டு, அதன் அளவைப் பாத்திரங்களான ஸாஇலும் முத்திலும் பரக்கத் செய் என்பது. மூன்று, அந்த ஊரை ஆரோக்கியமாக்கி, அதன் காய்ச்சலை அங்கிருந்து அகற்று என்பது.

அன்பு, அளவை, ஆரோக்கியம். ஊர்ப்பற்று என்பது நெஞ்சில் ஊறும் உணர்ச்சி மட்டுமல்ல. சந்தையில் தானியம் அளக்கும் பாத்திரம் நேர்மையாக நிறைவதும், ஊரின் நீரும் காற்றும் நோயில்லாமல் இருப்பதும் அதற்குள் அடங்கும் என்று இந்த துஆ கற்றுத் தருகிறது. அந்த அளவைப் பாத்திரம் முஸ்லிம்களுக்கு மட்டும் அளக்கவில்லை; அந்தக் காய்ச்சலும் கோத்திரம் பார்த்து வரவில்லை.

அடுத்தது மதீனா ஏடு, அதாவது ஸஹீபா. இப்னு இஸ்ஹாக் வழியாக நமக்குக் கிடைத்திருக்கும் இந்த உடன்படிக்கையில் முஹாஜிர்கள், அன்ஸார்கள், யூதக் குலங்கள் எல்லோரும் தரப்பினர். அவரவர் மார்க்கம் அவரவருக்கு. யத்ரிபைத் தாக்க வருபவருக்கு எதிராக எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். யத்ரிபின் பள்ளத்தாக்கு இந்த ஏட்டுக்குரிய மக்களுக்குப் புனிதப் பூமி. நம்மிடையே ஒருவன் அநியாயம் செய்தால், அவன் யாருடைய மகனாக இருந்தாலும், எல்லோருடைய கையும் அவனுக்கு எதிராக உயர வேண்டும் என்ற கடமையும் அதில் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. முஹாஜிர்கள் அந்த ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. "எங்கள் பாட்டன், பூட்டன் இங்கே இருந்தார்" என்று சொல்ல அவர்களிடம் எதுவுமில்லை. இருந்தும் அவர்கள் அந்த ஏட்டின் முழுத் தரப்பினர். ஊரில் பங்கு என்பது பழைமையால் வரவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் வந்தது. அந்த உடன்படிக்கை பின்னர் முறிந்த வரலாறும் நமக்குத் தெரியும். ஒப்பந்தம் எழுதி வைப்பதால் மட்டும் நிற்பதில்லை, நாளும் பேணப்பட வேண்டும் என்பது அதிலிருந்து பெறும் இன்னொரு பாடம்.

பாதையோரத்தில் முளைத்த ஊர்

மாவனல்லை கேகாலை மாவட்டத்தில், கொழும்பு – கண்டி வீதியில், கடுகண்ணாவ ஏற்றத்துக்குக் கீழே, மகா ஓயாவின் கரையில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கேகாலை மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 7 வீதம். அவர்களில் பெரும்பகுதியினர் மாவனல்லையிலும் அதைச் சூழ்ந்த ஹெம்மாதகம போன்ற இடங்களிலும் செறிந்து வாழ்கிறார்கள்.

கண்டி இராச்சியத்தின் காலத்தில் இது நான்கு கோறளைப் பிரதேசம். கரையோரத்தில் போர்த்துக்கேயரின் நெருக்குதல் தாங்க முடியாமல் முஸ்லிம்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தபோது கண்டி மன்னர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அது வெறும் அடைக்கலம் அல்ல. அரசின் போக்குவரத்துக்குப் பொறுப்பான "மடிகே பத்த" என்ற பிரிவில் முஸ்லிம்கள் சேவை செய்தார்கள். தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகள் கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே கொண்டு போயின. மேலிருந்து பாக்கும் மிளகும் கீழே வந்தன. காட்டுப் பாதையில் ஒரு தவளம் போக வேண்டுமென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு கிராமத்தோடும் பேச்சும் நம்பிக்கையும் இருந்தாக வேண்டும். கிராமத்துக்கு உப்பு வேண்டும். தவளத்துக்கு இரவு தங்க இடம் வேண்டும். இந்தத் தேவைதான் உறவாக வளர்ந்தது.

வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா இந்த உறவை விரிவாக ஆராய்ந்தவர். கேகாலை மாவட்டத்தின் கெட்டபெரியவில் வாழ்ந்த கோபால வைத்தியப் பரம்பரையினர் முஸ்லிம்கள். அரச வைத்தியத்தோடு தொடர்புடையவர்கள். கண்டிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு "கெ" என்று முடியும் சிங்கள வம்சப் பெயர்கள் இருப்பதும் இந்த நெருக்கத்தின் சாட்சி. வீட்டில் தமிழ், சந்தையில் சிங்களம், பள்ளியில் அரபு, வம்சப் பெயர் சிங்களம்: இது குழப்பமாக யாருக்கும் தோன்றவில்லை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பின், 1820இல் கொழும்பு – கண்டி வீதி வேலை தொடங்கியது. 1832இல் அந்த வீதியில் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. மாவனல்லையில் மகா ஓயாவின் மேல் 1830களில் கட்டப்பட்ட செங்கல் வளைவுப் பாலம் இன்றும் நிலைத்து நிற்கிறது. பாதை வந்ததும் பொதிமாடு வண்டிமாடாகி, தவளக்காரர் கடைக்காரர் ஆனார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் போனபோது அது றம்புக்கனை வழியாகப் போனது, மாவனல்லையைத் தொடவில்லை. ஆகவே இது தொடர்ந்தும் வீதியை நம்பிய, வீதியால் வாழ்ந்த கடைத்தெரு ஊராகவே இருந்தது.

இந்த மண்ணின் மிகப் பிரபலமான கதையும் அந்த வீதியின் கதைதான். உதுவன்கந்த மலையை மறைவிடமாக்கி வழிப்பறி செய்த சரதியேலை இலங்கையின் ரொபின் ஹூட் என்பார்கள். அவனுடைய நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். 1864 மார்ச் 21இல் அவர்களைப் பிடிக்கப் போன பொலிஸ் கொன்ஸ்டபிள் துவான் ஸபான் ஒரு மலாய் முஸ்லிம். மரிக்காரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இலங்கைப் பொலிஸ் சேவையில் கடமையின்போது உயிர் கொடுத்த முதலாமவர் அவரே. இன்றும் மார்ச் 21 பொலிஸ் வீரர் தினம். சரதியேலும் மரிக்காரும் அதே ஆண்டு மே 7ஆம் திகதி கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் கதையில் கள்வனும் காவலனும் இனம் பார்த்துப் பிரியவில்லை. நன்மையிலும் தீமையிலும் மனிதர்கள் கலந்துதான் இருந்தார்கள்.

கலந்து வாழ்ந்தும் ஏன் எரிந்தது?

இவ்வளவு பழைய உறவிருந்தும் 2001 மே மாதத் தொடக்கத்தில் மாவனல்லை எரிந்தது. கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் ஊழியர் தாக்கப்பட்டதில் விஷயம் தொடங்கியது. தாக்கியவர்கள் மீது உடனே நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று ஊர் கொதித்தது. மே 2ஆம் திகதி முஸ்லிம்களின் கடைகள், வாகனங்கள், பள்ளிவாசல் என்று தீ பரவியது, உயிரும் போனது. பாதுகாப்புத் தரப்பு பார்த்துக்கொண்டிருந்தது என்ற குற்றச்சாட்டு அன்று முதல் சொல்லப்பட்டு வருகிறது. 1915 கலவரத்தின்போதும் சப்ரகமுவ மாகாணம் தப்பவில்லை என்பதை முதியவர்கள் அப்போது நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

நம் கூட்டங்களில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், "வெளியூர்க் கும்பல் வந்து செய்தது, எங்கட ஊர்ச் சிங்கள ஆக்கள் நல்லவங்க" என்பது. இதில் உண்மை உண்டு. முஸ்லிம் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களின் கதைகள் இலங்கையின் ஒவ்வொரு கலவரத்திலும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பதில் ஒரு கேள்வியை மறைத்துவிடுகிறது: நல்லவர்கள் இத்தனை பேர் இருந்தும் அவர்களால் ஏன் தெருவில் நின்று தடுக்க முடியவில்லை?

இதற்கு இந்தியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளிச்சம் தருகிறது. அஷுதோஷ் வர்ஷ்ணி என்ற அரசியல் அறிஞர் 1950 முதல் 1995 வரை நடந்த இந்து – முஸ்லிம் கலவரங்களைத் தொகுத்தார். இறந்தோரில் கிராமப்புறத்தைச் சேர்ந்தவர்கள் 4 வீதத்துக்கும் குறைவு. அதாவது கலவரம் பெரும்பாலும் நகரத்தின் நோய். பிறகு அவர் அமைதியான நகரங்களையும் கலவர நகரங்களையும் சோடி சோடியாக ஒப்பிட்டார். அதில் ஒரு சோடி அலிகரும் கோழிக்கோடும். இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒன்றில் அடிக்கடி கலவரம், மற்றதில் அமைதி.

வேறுபாடு எங்கே இருந்தது? கிராமத்தில் அன்றாட உறவே போதும் என்கிறார் வர்ஷ்ணி: ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வதந்தி வந்தால் போய்க் கேட்டுவிடலாம். நகரத்துக்கு அது போதாது. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் போன்ற அமைப்புகளில் இரு சமூகமும் ஒன்றாக இருக்க வேண்டும். கோழிக்கோட்டில் அப்படிக் கலந்த அமைப்புகள் நிறைய. அலிகரில் மிகக் குறைவு. வதந்தி பரவும் இரவில் யார் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, எந்தக் கடை வாசலில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிப்பவை அந்த அமைப்புகளே.

மாவனல்லையை இந்தக் கண்ணால் பார்த்தால் விஷயம் புரியும். சுற்றியுள்ள கிராமங்களில் அன்றாட உறவு இருந்தது. ஆனால் அந்தக் கிராமங்கள் எல்லாம் வந்து சேருமிடம் டவுன். அங்கே பழைய தவளக் காலத்து உறவு தேய்ந்து, முதலாளி – வாடிக்கையாளர் என்ற உறவுதான் மிஞ்சியிருந்தது. கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்துக்கொள்வது ஒரு உறவுதான். ஆனால் நெருக்கடியைத் தாங்கும் உறவல்ல. சில நேரம் அதற்குள்ளேயே பொறாமையும் மனக்குறையும் ஒளிந்திருக்கும்.

கல்வியும் ஒரு காரணம். ஸாஹிரா, பதுரியா போன்ற கல்லூரிகள் நம் சமூகத்தைத் தூக்கி நிறுத்தியவை. அவை இல்லாமல் இன்றைய மாவனல்லை இல்லை. அதே நேரம், சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் தனித்தனியே இயங்கும் நம் நாட்டு ஏற்பாட்டில், ஒரே ஆற்றில் குளித்து வளரும் இரண்டு பிள்ளைகள் ஒரு நாள்கூட ஒரே வகுப்பில் உட்காராமல் பெரியவர்களாகிவிட முடியும். பாடசாலைகளை மூட வேண்டியதில்லை. ஆனால் அந்த இடைவெளியை வேறெங்காவது ஈடுசெய்ய வேண்டும் என்பதை உணர வேண்டும்.

இரண்டாவது பரீட்சை

2018 டிசம்பர் கடைசியில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் இரவோடு இரவாகச் சேதப்படுத்தப்பட்டன. இம்முறை குற்றவாளிகள் நம் பக்கத்து இளைஞர்கள். ஊர் பதறியது; 2001 திரும்பி வருமோ என்று அஞ்சியது. விசாரணை வண்ணாத்திவில்லுவில் வெடிபொருட்கள் கண்டுபிடிக்கப்படும் வரை போனது. அந்த விசாரணைக்கு உதவியவர்களில் ஒருவரான, அமைச்சர் ஒருவரின் இணைப்புச் செயலாளராக இருந்த மாவனல்லை முஸ்லிம், 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் கொடுத்த விலை பெரியது. அடுத்த மாதம் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்தன.

மதீனா ஏட்டின் அந்தக் கடமையை இங்கே நினைத்துப் பாருங்கள்: அநியாயம் செய்பவன் யாருடைய மகனாக இருந்தாலும் எல்லோருடைய கையும் அவனுக்கு எதிராக. ஒரு முஸ்லிம் தன் சமூகத்து இளைஞர்களின் குற்றத்தை வெளிக்கொணர உதவினார் என்றால், அது சமூகத் துரோகமல்ல. ஊரின் மீதுள்ள கடமை. அவருடைய இரத்தம் சிந்தியது நம் எல்லோருக்கும் பொதுவான ஊருக்காக. இதை நாம் சிங்கள மக்களுக்குச் சொன்னது குறைவு. நமக்குள்ளேயே சொல்லிக்கொண்டது இன்னும் குறைவு.

"ஆயிரம் வருடம்" என்ற வாதம்

முஸ்லிம்களின் மண்ணுரிமை கேள்விக்குள்ளாகும்போதெல்லாம் நாம் வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்கிறோம். "நாங்க இந்த நாட்டுக்கு வந்து ஆயிரம் வருசம்" என்கிறோம். கோறளைக் காணி உறுதி, மன்னர் கொடுத்த மானியம், பொதிமாட்டுப் பாதை எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம். வரலாறு அவசியம்தான், இந்தக் கட்டுரையும் அதைத்தான் மேலே செய்தது. ஆனால் அதையே அத்திவாரமாக்கினால் இரண்டு ஆபத்துகள் வரும்.

முதலாவது, பழைமைப் போட்டியில் எப்போதும் இன்னொருவர் இரண்டாயிரம் வருடம் என்பார். இரண்டாவது, அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் நம்மைவிடப் பிந்தி வந்தவர்களின் உரிமையை நாமே மறுத்தவர்களாவோம். சப்ரகமுவத் தோட்டங்களில் இரப்பரும் தேயிலையும் வளர்த்த மலையகத் தமிழர்கள் இந்த அளவுகோலால்தான் வெட்டுப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. எஞ்சிய நாடற்றவர்களுக்கு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாவனல்லையையும் அரநாயக்கவையும் சுற்றியுள்ள தோட்டங்களில் அவர்கள் இன்னும் லயங்களில் வாழ்கிறார்கள். நம் கடைகளில் சாமான் வாங்குகிறார்கள். நாம் பேசும் அதே மொழியைப் பேசுகிறார்கள். நம் "ஊர்" என்ற சொல்லில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா?

முஹாஜிர்களின் வாதம் இதைவிட வலுவானது. இந்த ஊரின் பாரத்தைச் சுமப்பவன் இந்த ஊர்க்காரன். அவன் எப்போது வந்தான் என்பது அடுத்த கேள்வி.

இப்னு கல்தூனும் முகத்திமாவில் இதற்கு அருகில் வருகிறார். அஸபிய்யா என்ற குழுப்பிணைப்பைப் பற்றிப் பேசும்போது, வம்சத்தின் பயன் அது உண்டாக்கும் பிணைப்பிலும் ஒத்தாசையிலும்தான் இருக்கிறது என்கிறார். உடன்படிக்கையாலும் கூடி வாழ்வதாலும் உண்டாகும் உறவு இரத்த உறவைப் போலவே வேலை செய்யும் என்கிறார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "யார் யாருக்குச் சொந்தம்?" என்பதல்ல, "யார் யாருக்குத் தோள் கொடுக்கிறார்?" என்பதே.

செய்யக்கூடியவை

துஆவின் மூன்று சொற்களையும் ஏட்டின் ஒப்பந்தத்தையும் இன்றைய மாவனல்லைக்குக் கொண்டு வந்தால் சில வேலைகள் தெளிவாகத் தெரிகின்றன.

அளவை: கடைத்தெரு நம் ஊரின் இதயம். அதில் முஸ்லிம், சிங்கள வியாபாரிகள் இருவரும் பொறுப்பு வகிக்கும் ஒரு சங்கம் பெயரளவில் இல்லாமல் உயிரோடு இயங்க வேண்டும். நிறுவை, விலை, ஊழியர் சம்பளம், நடைபாதை, குப்பை, பெருநாள் – வெசாக் காலங்களின் ஒழுங்கு ஆகிய எல்லாவற்றையும் அங்கே பேச வேண்டும். ஒரு கடையில் ஒரு வாக்குவாதம் வந்தால் அது இரண்டு மணி நேரத்துக்குள் அந்தச் சங்கத்தின் மேசைக்கு வர வேண்டும். 2001இல் தெருச்சண்டை தீயாக மாறியது இரண்டு மூன்று நாட்களில். அந்த நாட்களில் இரு பக்கமும் நம்பும் ஒரு மேசை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது வீண் வேலையல்ல.

ஆரோக்கியம்: மகா ஓயா அரநாயக்க மலைப்பக்கம் ஊற்றெடுத்து, 134 கிலோமீற்றர் ஓடி, கொச்சிக்கடை அருகே கடலில் விழுகிறது. மணல் அகழ்வாலும் கழிவாலும் அது படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் விழும் கோழிக்கடைக் கழிவுக்கும் விகாரைப் பக்கத்து வடிகாலுக்கும் இனமில்லை. ஆற்றங்கரையைத் துப்புரவாக்க ஒரு நாள் கூடிப் படம் எடுப்பதோடு விட்டுவிடாமல், மாதாமாதம் கரையைப் பார்க்கும் ஒரு கலப்புக் குழு வேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியபோது, இந்த மலையும் மழையும் எல்லோரையும் ஒன்றாகவே தண்டிக்கும் என்று கண்டோம். உதவி செய்வதில் நாம் எப்போதும் முன்னுக்கு நிற்பவர்கள். ஆனால் உதவி செய்பவர் – பெறுபவர் என்ற உறவு அனர்த்தம் முடிந்ததும் முடிந்துவிடும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் யார் எந்த வீட்டைத் தட்டுவது என்று முன்கூட்டியே சேர்ந்து திட்டமிடும் உறவு முடியாது.

அன்பு: ஊரை நேசிக்க ஊரை அறிய வேண்டும். பாலம், தவளப் பாதை, உதுவன்கந்த, பத்தலேகல, அளுத்நுவர தேவாலயம், பழைய பள்ளிவாசல்கள், தோட்டத்துக் கோயில்கள் எல்லாம் அடங்கிய ஓர் ஊர் வரலாற்றை சிங்களத்திலும் தமிழிலும் சேர்ந்து எழுத வேண்டும். இரு மொழிப் பாடசாலை மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய் முதியவர்களிடம் கேட்டு எழுதினால், வகுப்பறை தராத நட்பை அந்த நடை தரும். உம்மம்மாக்களிடம் கேட்பது மிக முக்கியம். பிள்ளைப்பேற்றுக்கு ஓடிவந்த சிங்கள மருத்துவிச்சி, பெருநாளைக்கு அனுப்பிய வட்டிலப்பம், புதுவருடத்துக்கு வந்த கொண்டைப் பலகாரம் பற்றிய ஞாபகம் அவர்களிடம்தான் இருக்கிறது. பள்ளி நிர்வாகக் கூட்டத்தின் பதிவேட்டில் அது இல்லை.

அந்த வரலாற்றில் 2001க்கும் இடம் வேண்டும். 2018க்கும் இடம் வேண்டும். நல்லதை மட்டும் சேர்த்தால் அது சுற்றுலாக் கையேடு. எரித்தவர்கள், எரிந்தவர்கள், காப்பாற்றியவர்கள், சும்மா நின்றவர்கள் எல்லோரையும் பற்றிப் பேசும் துணிவு வரும்போதுதான் ஒரே ஊர் என்ற சொல்லுக்குக் கனம் வரும்.

ஒப்பந்தம்: பள்ளிவாசல் தலைவர்கள், விகாரைகளின் ஹாமதுருமார், கோயில் பரிபாலகர், வியாபாரிகள், அதிபர்கள், தோட்டத் தலைவர்கள் கூடிப் பேசும் சபை நெருக்கடி வந்த பின் கூட்டப்படுவது வழக்கம். அப்போது முகங்கள் புதிது, வார்த்தைகள் கடினம். சாதாரண நாளில், சாதாரண விஷயத்துக்காகக் கூடிப் பழகிய சபைதான் அசாதாரண நாளில் பயன்படும். அதில் இளைஞர்களும் பெண்களும் இல்லாவிட்டால் அது பெரியவர்களின் தேநீர்க் கூட்டமாக முடியும்.

"இப்படியெல்லாம் கலந்தால் நம் தனித்துவம் என்னாவது?" என்று ஒரு கேள்வி எழும். அது நியாயமான அச்சம். ஆனால் மதீனா ஏட்டில் யாரும் தம் மார்க்கத்தைக் கரைத்துவிடவில்லை. அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்று எழுதிய பிறகுதான் பொதுக் கடமைகளை எழுதினார்கள். தொழுகை, ஹலால், பிள்ளைகளின் மார்க்கக் கல்வி ஆகியவற்றில் விட்டுக்கொடுக்காமலே ஆற்றையும் சந்தையையும் பாதையையும் சேர்ந்து பராமரிக்கலாம். தன் வீட்டு வாசலை உறுதியாக வைத்திருப்பவனுக்குத்தான் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகத் தயக்கம் இருக்காது.

அயலவரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதில், அயலவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபியவர்கள் எண்ணுமளவுக்கு அது இருந்தது என்பது நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கும் செய்தி. வாரிசு என்றால் சொத்தில் பங்காளி. ஊர் என்பது அப்படியொரு பங்குச் சொத்துத்தான்: பிரித்து வேலி போட முடியாத சொத்து. ஆற்றைப் பிரிக்க முடியாது, வீதியைப் பிரிக்க முடியாது, மழையைப் பிரிக்க முடியாது. பங்காளிகள் சேர்ந்து பராமரிக்காத சொத்து பாழாகும் என்பது வியாபாரச் சமூகமான நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே இனி யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் "மாவனல்லை" என்ற பதிலோடு முடிக்காமல், அந்த மாவனல்லைக்குள் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று நம்மிடமே ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். மஹல்லாவின் எல்லையில் நின்றுவிடும் பதில் ஒரு ஜமாஅத்தைத் தரும். ஆற்றின் இரு கரையையும் மலையிலுள்ள லயங்களையும் சேர்த்துச் சொல்லும் பதில்தான் ஓர் ஊரைத் தரும்.